ஆயாவின் இரண்டு ஏக்கர்

எங்கள் மாந்தோப்பு இரண்டு மாநிலங்களில் இருக்கிறது. பெரிய பண்ணை என்று நினைத்துவிடாதீர்கள், மொத்தமே மூன்று ஏக்கர். பரதராமிக்குப் பக்கத்தில் வீட்டை ஒட்டி ஒரு ஏக்கர், அது தமிழ்நாடு. அங்கிருந்து எக்ஸெல் வண்டியில் கால் மணி நேரம் போனால் யாதமரி மண்டலத்தில் இரண்டு ஏக்கர், அது ஆந்திரா. இரண்டிலும் பெங்களூராதான். கிளிமூக்கு என்றும் சொல்வார்கள், ஆந்திரக்காரர்களுக்கு அது தோத்தாபுரி. வீட்டுக்கென்று ஓரத்தில் நாலு பங்கனப்பள்ளி, ரெண்டு நீலம். இரண்டு துண்டுக்கும் ஒட்டுக்கன்று வாங்கியது ஒரே நர்சரியில், ஒரே நாளில். ஒரு டிராக்டரில் ஏற்றி வந்து கொஞ்சத்தை இங்கே இறக்கிவிட்டு, மீதியை அங்கே கொண்டுபோய் நட்டதாக நைனா, அதாவது அப்பா, சொல்வார். நானும் டிராக்டரில் உட்கார்ந்து போனேனாம். ஞாபகமில்லை.

நான் தோப்புக்காரன் என்று சொல்லிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அதனால் மாம்பழமோ தக்காளியோ, எல்லையைத் தாண்டுகிற சரக்கைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

ஆந்திரப் பக்கத்து அந்த இரண்டு ஏக்கர் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, பிறந்த வீட்டில் கொடுத்த மஞ்சக்காணி. ஆயாவுக்குக் கல்யாணம் ஆனது 1951-ல். அப்போது பிறந்த ஊர், புகுந்த ஊர் இரண்டுமே மெட்ராஸ் ராஜ்யம். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார்களாம். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. ஆயா இதை ஒரே வரியில் சொல்லும்: "நான் எங்கயும் போவல. எங்க அம்மா ஊடுதான் வேற ஸ்டேட்டுக்குப் பூட்சி."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு காலத்தில் வடஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான். வேலூர்க்காரனுக்குக் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டுமென்றால் சித்தூருக்குத்தான் போக வேண்டும். 1911-ல் சித்தூரைத் தனி மாவட்டமாகப் பிரித்த பிறகுதான் வேலூருக்கு அந்த அந்தஸ்து வந்தது. அப்புறம் ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் படாஸ்கர் சொன்ன தீர்ப்பு எல்லாம் ஆகி, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. எங்கள் ஆயாவின் ஊர் இந்தக் கொடுக்கல் வாங்கலில் எதிலும் சேரவில்லை. போட்ட கோடு போட்டபடி நின்றது, தோப்பு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம்.

ஆயா சாமி கும்பிடுவது தமிழில், திட்டுவது தெலுங்கில். எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. பேரணாம்பட்டிலிருந்து பொன்னை வரைக்கும் எல்லையை ஒட்டி எந்த ஊரில் பார்த்தாலும் இரண்டும் கலந்துதான் ஓடும். நான் மண்டியில் பெட்டி எண்ணும்போது பாதி தெலுங்கில் எண்ணுகிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் ஆரணிக்காரி. பதி, இருவை, முப்பை என்று லாரியிலிருந்து இறக்குகிறவன் சொல்லும்போது நான் தமிழில் எழுதினால் விட்டுப்போகும், அதுதான் காரணம்.

விடிகாலை மூன்று மணிக்கு மேல் வண்டி வர ஆரம்பிக்கும். வி.கோட்டா, பலமநேரி, புங்கனூர், மதனப்பள்ளி. வேலூரில் சாம்பார் கொதிப்பதே அந்த நாலு ஊரை நம்பித்தான். அங்கே மழை பெய்து செடி அழுகினால் இங்கே சாரதி மாளிகை பக்கம் டிபன் கடையில் தக்காளிச் சட்னி நின்றுவிடும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த மாதம் பெட்டிகளுக்கு வரிசை எண் போட்டு, அதை என் கணக்கு நோட்டில் குறித்து, சீல் வைத்தோம். தக்காளிக்கு சீல்! இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், அப்படி ஒரு நாள் வரும் என்று நினைக்கவில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை விலை கிடைக்காமல் லோடோடு ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன டிரைவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முன்பெல்லாம் காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில் லாரி வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் அங்கேயே குளித்து, துணி துவைத்துக் காயப்போடுவார்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள். போலீஸ் நிற்கிறது, ஆர்டிஓ நிற்கிறார், ஆனால் அந்த வரிசை இல்லை. வரிசையை நம்பி இட்லிக்கடை போட்டிருந்த ஒரு அக்கா கடையை மூடிவிட்டு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டது. ஜிஎஸ்டியால் வேலை மாறியவர்கள் பட்டியலில் அந்த அக்காவை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

சரக்கு மட்டுமா வருகிறது? ஆயாவின் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவது இரண்டு காரணத்துக்கு. ஒன்று சிஎம்சி. ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி. இன்றைக்கு அதைச் சுற்றி இருக்கும் லாட்ஜுகளில் இந்தியும் வங்காளமும்தான் முதலில் எழுதியிருக்கும். ஆனால் சித்தூர்க்காரர்களுக்கு அது வெளியூர் ஆஸ்பத்திரி கிடையாது. காலையில் புறப்பட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம், 35 கிலோமீட்டர்தான். ராத்திரி தங்க வேண்டியவர்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கையில் ஒரு துணியில் முடிந்த வெல்லம், கொஞ்சம் புளி. சித்தூர் வெல்லத்துக்கென்று ஒரு கறுப்பு உண்டு, ஆயா அதைத் தவிர வேறு எதையும் பொங்கலுக்குப் போடவிடாது.

இரண்டாவது காரணம் பொய்கை மாட்டுச் சந்தை. செவ்வாய்க்கிழமை தோறும் கூடும். திங்கள் ராத்திரியே பெரிய மாமா வந்து திண்ணையில் படுத்துக்கொள்வார். என்னை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். துண்டுக்கு அடியில் இரண்டு பேர் விரலைப் பிடித்து விலை பேசுவதை அன்றுதான் பார்த்தேன். மாமாவுக்குத் தமிழ் சரளம்தான், ஆனாலும் தரகரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு விரலை மட்டும் கொடுத்தார். திரும்பி வரும்போது, "ஏமிரா, நேர்ச்சுகுன்னாவா?" என்று கேட்டார். கற்றுக்கொண்டாயா என்று. இல்லை என்றேன். இன்றைக்கும் கற்றுக்கொள்ளவில்லை. தை, மாசியில் எங்கள் பக்கம் எருது விடும் விழா நடக்கும்போது அந்தப் பக்கத்துக் காளைகள் வேனில் வந்து இறங்கும். ஓட்டப் பந்தயத்தில் அவைகளுக்கு எந்த மாநிலம் என்று மைக்கில் சொல்வார்கள், ஏதோ ஒலிம்பிக்ஸ் மாதிரி.

எல்லையில் வளர்ந்தவனுக்கு ஒரு பாடம் சின்ன வயதிலேயே வந்துவிடும்: இரண்டு அரசாங்கம் ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால், அந்தப் பொருளுக்குக் கால் முளைக்கும். 1995-ல் என்.டி.ராமாராவ் ஆந்திராவில் முழு மதுவிலக்குக் கொண்டு வந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. அப்போது இங்கே சில்லறைக் கடைகள் டாஸ்மாக் கையில் இல்லை, எல்லாம் தனியார் ஒயின்ஷாப். சாயங்காலம் ஆனால் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தெலுங்குச் சத்தம் தமிழை அமுக்கிவிடும். 1997-ல் மதுவிலக்கு போனது, சத்தமும் போனது. இப்போது பெட்ரோல். ஆந்திராவில் வாட் வரி கூடுதல், லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் வித்தியாசம் வரும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடைசி பங்கில் நின்று பார்த்தால் ஏபி நம்பர் வண்டிகள் டேங்க் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு போவது தெரியும்.

ரேஷன் அரிசி கதை உங்களுக்கே தெரியும். இங்கே இலவசம், அங்கே பாலிஷ் போட்டால் காசு. காட்பாடியிலிருந்து திருப்பதி போகிற ரயிலில் சீட்டுக்கு அடியில் சின்னச் சின்ன மூட்டை. பிடிபடுகிற செய்தி மாதத்துக்கு ஒன்றாவது பேப்பரில் வரும், பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்களாக இருப்பார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சுமப்பவர்கள்.

செம்மரத்தைப் பற்றி எழுதாமல் போகவும் முடியாது, நிறைய எழுதவும் மனசில்லை. ஆந்திராவின் சேஷாசலம் காட்டுக்குக் கூலிக்குப் போனவர்களில் 20 பேர் 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைப் பக்கத்தவர்கள் அதில் உண்டு. அன்றைக்கு மார்க்கெட்டில் ஆந்திர லாரி எதுவும் வரவில்லை. மறுநாள் வந்த டிரைவர் ஒருவர் வழக்கமாகக் குடிக்கிற டீயைக் குடிக்காமல், இறக்கியதும் கிளம்பிவிட்டார். அவரை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கிளம்பிவிட்டார்.

2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, சைனகுண்டாவிலும் பொன்னைப் பக்கமும் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். தடுப்பு இல்லை, கம்பி இல்லை, ஹாலோபிளாக் கல் வைத்து சிமெண்ட் பூசிய சுவர். நாடு முழுக்க அந்தப் படம் சுற்றியது, பேச்சு எழுந்தபின் இடித்தார்கள். ஆயா அதற்கு முந்தின வருஷம்தான் போயிருந்தது. இருந்திருந்தால் தெலுங்கில் என்ன சொல்லியிருக்கும் என்று நைனாவும் நானும் பேசிச் சிரித்தோம். சிரிப்பு ஒரு பக்கம். காய் பிடிக்கிற நேரம், அந்தப் பக்கத் தோப்புக்குத் தண்ணீர் விட ஆளில்லை. மாமா மகன்தான் போனில் கேட்டுக் கேட்டு மோட்டார் போட்டான். அந்த ஆறு வாரமும் எல்லையைத் தடையில்லாமல் தாண்டியது கௌண்டின்யா காட்டு யானைகள் மட்டும்தான். பலமநேரிப் பக்கத்துக் காட்டிலிருந்து இறங்கி எங்கள் பக்கத் தோப்பில் கிளையை முறித்துப் போட்டுவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். அவைகளிடம் இ-பாஸ் கேட்க யாருக்குத் துணிச்சல்?

சரி, மாம்பழத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பெங்களூரா சாப்பிடுகிற பழம் இல்லை, கூழ் பழம். சித்தூர், கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் கூழ் ஃபேக்டரிகள் உண்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சித்தூர்தான் கிட்டே. ரேம்ப்பு என்று அங்கே சொல்வார்கள், ரோட்டோரம் கொட்டகை போட்டுக் காய் எடுக்கிற இடம். டிராக்டரைக் கொண்டுபோய் நிறுத்தி, எடை போட்டு, கழிவு போக மீதிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவோம். தமிழ்நாட்டுக் காயா, ஆந்திரக் காயா என்று யாரும் பிளந்து பார்த்ததில்லை.

2025-ல் விளைச்சல் கொட்டியது, விலை விழுந்தது. ஃபேக்டரிகளில் பழைய கூழே விற்காமல் கிடப்பதாகச் சொன்னார்கள். ஆந்திர அரசு தோத்தாபுரிக்குக் கிலோ 12 ரூபாய் என்று அறிவித்தது. ஃபேக்டரி எட்டு ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு நாலு ரூபாய் போடும். அதே ஜூனில் வெளிமாநிலத்துத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று தடையும் வந்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கர்நாடகத்துச் சீனிவாசப்பூர் மாந்தோப்புக்காரர்கள் சத்தம் போட்டது பேப்பரில் வந்தது. எங்கள் ஒரு ஏக்கருக்காக யார் கடிதம் எழுதுவார்கள்?

அந்த வருஷத்துக் கணக்கை அப்படியே தருகிறேன், கணக்கு எழுதுகிறவன் பழக்கம். வீட்டுப் பக்கத்து ஒரு ஏக்கரில் மூன்று டன் காய். எல்லை தாண்ட முடியாது. உள்ளூரில் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள், 15,000 ரூபாய். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, தரகு எல்லாம் சேர்த்து 11,000. மிச்சம் நாலாயிரம். மருந்தடித்த செலவை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் நோட்டை மூடிவிட வேண்டியதுதான்.

அந்தப் பக்கத்து இரண்டு ஏக்கரில் எட்டு டன். இதுவும் தகராறில்லாமல் போகவில்லை. நைனாவிடம் இருந்தது டிஎன் 23 டிராக்டர். ஆந்திர மண்ணில் விளைந்த காயை டிஎன் நம்பர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் நம்புவார்களா? மாமா மகனின் வண்டியைக் கேட்டு வாங்கினோம். ஃபேக்டரி வாசலில் மூன்று ராத்திரி வரிசை. டிராக்டருக்கு அடியிலேயே பாய் போட்டுத் தூங்கினோம். பழுத்த வாசனை இரண்டாம் நாள் இனிப்பாக இருந்தது, மூன்றாம் நாள் புளித்தது. கடைசியில் கையில் வந்தது கிலோவுக்கு ஆறு ரூபாய். மீதி இரண்டு பிறகு என்றார்கள்.

அரசாங்கம் போடுகிற நாலு ரூபாயா? அது வரவில்லை. எட்டு டன்னுக்கு 32,000 ரூபாய். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, நிலத்துக்கான பாஸ்புத்தகம், நம் பக்கத்துப் பட்டா மாதிரி, இன்னும் ஆயாவின் பெயரில் இருக்கிறது. செத்துப்போனவர் கணக்கில் பணம் போட முடியாதே. "எப்ப மாத்திக்கினா இன்னா, எல்லாம் நம்ம நெலந்தான" என்று நைனா ஆறு வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். நானும் தள்ளவிட்டேன்.

பட்டா மாற்ற அலைய ஆரம்பித்தபோதுதான் எல்லை எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆயா இறந்தது தமிழ்நாட்டில், ஆகவே இறப்புச் சான்றிதழ் தமிழில். வாரிசுச் சான்றிதழ் தமிழில். நிலம் ஆந்திராவில், ஆகவே பாஸ்புத்தகம் தெலுங்கில். அந்தப் பக்கத்து ஆபீசில் எங்கள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெலுங்கில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு கொண்டு வரச் சொன்னார்கள். கொண்டு போனோம். அப்புறம் பெயர் பொருந்தவில்லை என்றார்கள். தெலுங்கில் ஆயாவின் பெயர் 'அம்ம' என்று முடிகிறது. தமிழில் 'அம்மாள்'. அந்தக் கடைசி 'ள்' யார் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட்.

மொழிபெயர்த்துக் கொடுத்தவர் சித்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்காருகிற டைப்பிஸ்ட். எழுபதுக்கு மேல் இருக்கும். தமிழும் தெலுங்கும் சேர்ந்த காகிதம் எது வந்தாலும் அவரிடம்தான் அனுப்புகிறார்கள். தமிழைச் சத்தமாகப் படித்து, தெலுங்கில் விரலைத் தட்டுகிறார், நடுவில் நிறுத்துவதே இல்லை. ஊர் பெயர் வந்ததும்தான் நிறுத்தினார்.

"பரதராமியா? அங்க எங்க அக்காவக் குடுத்திருந்தோம். மார்க்கெட் தெருவுல, எண்ணெய்க் கடை."

எனக்கு அந்த வீடு தெரியும். கடை இப்போது இல்லை, செல்போன் ரிப்பேர் கடை ஆகிவிட்டது. சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மீதிப் பத்தியை அடித்து முடித்தார். மூன்று பக்கத்துக்கு முந்நூறு வாங்கிக்கொண்டார். அஃபிடவிட்டுக்கு மட்டும் காசு வேண்டாம் என்றார்.

"ஒரு எழுத்துக்கு என்ன காசு வாங்குறது? அடுத்த தடவ வரும்போது இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா ஒரு கிலோ எடுத்துக்கினு வாப்பா. இங்க கெடைக்கிறதுல ருசி இல்ல."

திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். நைனா தன் பழைய கண்ணாடியையும் ஆயாவின் பாஸ்புத்தகத்தையும் ஒரே மஞ்சப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டார். கத்திரிக்காய் சனிக்கிழமையே வாங்கிவிட்டேன், ஈரத்துணி சுற்றி வைத்திருக்கிறேன்.